ஓம், பெண்நிலைவாதிதான்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போன ஆவணியில் யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, பிள்ளை பெரியபிள்ளையானதற்கு வைக்கிற விழா. பந்தியில் எனக்கு எதிரே இருந்த ஒரு மாமி, வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு என்னைக் காட்டி, "இவ பெண்ணியவாதி, கவனமாக் கதை பிள்ளை" என்று பகிடியாகச் சொன்னார். வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்றைக்கு என்ன நினைப்போ, "ஓம் மாமி, பெண்ணியவாதிதான்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். பாயாசம் வருவதற்குள் நான்கு கேள்வி, அடுத்த கிழமை முழுக்க ரொறொன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வைபரில் கேள்வி. ஒரே பதிலை எத்தனை தரம் சொல்வது? கேட்டவற்றை எல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பேராசிரியர் இல்லை, யாழ்ப்பாண ரவுணில் காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் 16 வருடமாக உறுதி (அந்தப் பத்திரத்துக்கு எங்கள் பேர்) ரைப் பண்ணுகிற ஆள். உதாரணங்களில் பாதி அந்த மேசையிலிருந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெண்நிலைவாதி என்றால் யார்?

சட்டமும் வழக்கமும் குடும்பமும் ஆணுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி என்று வைத்திருக்கிற இடங்களைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்பவர், கேட்டதோடு நில்லாமல் அது மாறவேண்டும் என்று நினைப்பவர். எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னால், யாருடைய கையெழுத்து யாருக்கு வேண்டியிருக்கிறது என்று பார்க்கிற ஆள். படிக்க, வேலைக்குப் போக, கல்யாணம் செய்ய, செய்யாமல் இருக்க, பிள்ளை பெற, காணி விற்க, இரவு ஏழு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போக. இதில் ஏதோ ஒன்றுக்கு அண்ணன் யாரையும் கேட்கத் தேவையில்லை, தங்கைக்கு மட்டும் நான்கு பேரின் சம்மதம் வேண்டும் என்றால், அந்த நான்கு பேரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், எனக்கு அங்கே ஒரு கேள்வி இருக்கிறது.

சொல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இதைக் கதைத்தவர்கள் பெண்நிலைவாதம் என்றார்கள். பெண்ணியம் என்ற சொல் தமிழ்நாட்டு எழுத்துகளோடு இங்கே பரவியது. எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும், பெண் நிற்கிற இடத்தில் நின்று பார்ப்பது என்ற பொருள் அதற்குள்ளேயே கிடக்கிறது. ஆனால் மாமிமாருக்கு விளங்குவது பெண்ணியவாதி. எது வாயில் வந்தாலும் சரி.

ஆம்பிளையளை ஏன் வெறுக்கிறீர்கள்?

வெறுக்கவில்லை. எனக்கு சைக்கிள் பழக்கியது அப்பா. சங்கிலி கழன்றால் மாட்டப் பழக்கியதும் அவர்தான். அடுத்த கேள்வி.

யாழ்ப்பாணத்தில் வீடு வளவெல்லாம் பெண்ணின் பேரில்தானே? மாப்பிளைதானே பெண் வீட்டுக்குப் போகிறார்? இதைவிட என்ன வேண்டும்?

இதுதான் நான் மிகவும் விரும்புகிற கேள்வி, கேட்பவர் எப்போதும் வெற்றிச் சிரிப்போடு கேட்பார். பாதி உண்மை. தாயின் சீதனம் மகளுக்குப் போகும், மகள் அந்த வளவிலேயே இருப்பாள், மருமகன் வந்து சேருவார். இந்தியாவில் பல இடங்களில் பெண்ணுக்குக் கிடைக்காத ஒன்று எங்கள் பெண்களுக்கு நூற்றாண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

மற்றப் பாதியைப் பாருங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், கிளாஸ் ஐசாக் என்ற அதிகாரி எழுதி முடித்தார். எழுதியதைச் சரிபார்க்க 12 முதலியார்களிடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் ஆண்கள், பெண்ணின் சொத்துப் பற்றி எந்தப் பெண்ணிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. 1806 இல் ஆங்கிலேயர் அதை அப்படியே ஏற்றார்கள். பிறகு 1911 இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமைவழிச் சட்டம் வந்தது. அதன் 6 ஆம் பிரிவைத்தான் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பாடமாக்கினேன். கல்யாணமான பெண் தன் நகையையோ காசையோ யாரையும் கேட்காமல் கொடுக்கலாம், ஆனால் தன் பேரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். மரணசாசனத்தில், அதாவது உயிலில், மட்டும் அவள் விருப்பப்படி எழுதலாம். செத்த பிறகு அவள் சுதந்திரமானவள். கணவர் பரம்பரையாக வந்த தன் முதுசக் காணியை விற்கும்போது மனைவியின் கையெழுத்து தேவை இல்லை.

இதில் இன்னொரு பகிடி இருக்கிறது. 1923 இல் இலங்கையின் பொதுச் சட்டத்தின் கீழ் உள்ள மணமான பெண்களுக்குத் தங்கள் சொத்தைத் தாங்களே ஆளும் உரிமை கிடைத்துவிட்டது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு அது உண்டு, தேசவழமைக்கு உட்பட்டவளுக்கு இல்லை. அந்தச் சட்டத்தில் எங்களை விலக்கி வைத்தார்கள், எங்கள் வழக்கத்தை மதித்து. அதோடு, யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு வெளியே உள்ளவரைக் கட்டினால் அந்தக் கல்யாணம் இருக்கும்வரை அவளும் தேசவழமைக்கு வெளியே, வெளியூர்ப் பெண் யாழ்ப்பாணத்தவரைக் கட்டினால் அவளும் தேசவழமைக்கு உள்ளே. சட்டம் புருஷன் பின்னால் நடக்கிறது.

ஏட்டில் இருப்பது நடப்பில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், ஒரு அக்கா வந்தா. தாய் கொடுத்த இரண்டு பரப்புக் காணி, மகளின் சத்திரசிகிச்சைக்குக் காசு வேண்டும், வாங்க ஆள் தயார், விலையும் பேசியாயிற்று. கணவர் எங்கே என்று ஐயா கேட்டார். வெளிநாடு. எந்த நாடு? அவ ஒரு நாட்டின் பேரைச் சொன்னா, பிறகு "முந்தி அங்கதான்" என்றா. ஒன்பது வருடமாகக் கடிதமும் இல்லை, கோலும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வழி இருக்கிறது. கணவர் விட்டுப்போனால், இருக்குமிடம் தெரியாவிட்டால், நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் போய் அவருடைய சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை வாங்கலாம். அதை ஐயா பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவ கேட்டது ஒன்றே ஒன்று: "என்ர அம்மா தந்த காணி ஐயா, அந்தாளுக்கு இந்தக் காணியின்ர எல்லை எதெண்டும் தெரியாது." வழக்குப் போட்டு முடிய வாங்க வந்தவர் வேறு காணி பார்த்துவிட்டார்.

யுத்தத்தில் காணாமல் போனவர்களின் மனைவிமாரை நினைத்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் வராது, எடுத்தால் அவர் இல்லை என்று தானே கையெழுத்துப் போட்டது மாதிரி. 2016 இல்தான் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். அதுவரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அரசாங்கம் சொல்லாது, ஆனால் அவர் கையெழுத்து இல்லாமல் காணி அசையாது. 6 ஆம் பிரிவை மாற்றவேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்களுக்குத்தான் அந்தப் பந்தியில் சொன்ன பெயர்.

சீதனம் வாங்கிக்கொண்டுதானே நீங்களும் கல்யாணம் கட்டினீர்கள்?

ஓம். நான் இருக்கிற வீடு அம்மாவின் சீதன வீடு, எனக்கு எழுதித் தந்தா. மகனில்லாத வீட்டில் வேறு யாருக்கு எழுதுவா என்று சாட்டுச் சொல்லலாம், சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

எனக்குப் பிடிக்காதது வேறு. பெற்றோர் தங்கள் சொத்தை மகளுக்குக் கொடுப்பது ஒன்று, மாப்பிளை வீட்டார் டொனேசன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிற காசு இன்னொன்று. முதலாவது அவள் பேரில் உறுதியாகிறது. இரண்டாவதில் அவளுக்கு ஒரு சதமும் இல்லை, மாப்பிளையின் தங்கையைக் கரைசேர்க்கப் போகும், அந்தத் தங்கையின் மாப்பிளை வீட்டார் அதை வாங்கித் தங்கள் மகளுக்குக் கொடுப்பார்கள். ஊர் முழுக்க ஒரே காசுதான் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தியாவில் 1961 இலேயே தடைச் சட்டம் போட்டார்கள், எவ்வளவு தடுத்தது என்பது வேறு கதை. இங்கே அப்படி ஒரு சட்டமே இல்லை. என் கல்யாணத்தில் டொனேசன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அப்பா கொடுத்திருப்பார், நானும் பேசாமல் இருந்திருப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு 24 வயது, இந்த வாய் அப்போது இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது. எங்கட பண்பாட்டுக்கு எதற்கு?

'ஃபெமினிஸ்ட்' என்ற மூலச் சொல் வெள்ளைக்காரருடையது, ஒத்துக்கொள்கிறேன். 1880களில் பிரான்ஸில் வாக்குரிமை கேட்ட உபெர்தின் ஒக்லேர் போன்ற பெண்கள் தங்களைக் குறிக்க எடுத்த சொல் அது. ஆனால் பிரெஞ்சுப் பெண்ணுக்கு வாக்குரிமை 1944 இல்தான் கிடைத்தது. சுவிஸில் 1971. எங்கள் சனம் அவ்வளவு பேர் இருக்கிற சுவிஸைத்தான் சொல்கிறேன். இலங்கையில் 1931. இதில் யார் யாரைப் பார்த்துப் பழகியது?

1931 கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். இலங்கைக்குப் புதிய யாப்பைச் சிபாரிசு செய்ய வந்த டொனமூர் ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு 30 வயதுக்கு மேல்தான் வாக்கு என்று சிபாரிசு செய்தது, கடைசியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்று வந்தது. அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் பொன்னம்பலம் இராமநாதன். 1913 இல் இந்துப் பெண்பிள்ளைகளுக்கென்று மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைக் கட்டிய அதே ஆள். பிள்ளைகள் படிக்கவேண்டும், வாக்குப் போடக்கூடாது. இதில் முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் எங்கள் ஊரில் பலருக்குத் தோன்றுவதில்லை. அப்புறம் சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்துப் பெண்கள் அந்த வருடம் வாக்குப் போடவில்லை. முழுச் சுயராச்சியம் தராத யாப்பு என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்க, யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. காரணம் நல்ல காரணம்தான். ஆனால் முதன்முதலாகக் கைக்கு வந்த வாக்கைப் போடாமல் விடுவதா என்று பெண்களைக் கேட்டுத் தீர்மானித்த மாதிரி இல்லை.

அதற்கும் முன்னால், 1923 இல், மங்களம்மாள் மாசிலாமணி 'தமிழ்மகள்' என்று பெண்களுக்கான பத்திரிகையே நடத்தினார். உடுவிலில் அமெரிக்க மிஷன்காரர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824. அதை வேண்டுமானால் வெள்ளைக்காரர் கணக்கில் எழுதுங்கள், ஆனால் பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் யோசித்து அனுப்பிய தாய்மார் எங்கள் ஆட்கள். நூறு வருடம் இங்கே கிடக்கிற ஒன்றை இறக்குமதி என்றால், இடியப்ப உரலையும் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டிவரும்.

இயக்கத்தில், புலிகளில், பெண்கள் துவக்கே தூக்கினார்களே. அதைவிடப் பெரிய சமத்துவம் உண்டோ?

இதற்குப் பதில் எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். துவக்குத் தூக்கிய பெண்களில் என்னோடு படித்தவர்களும் இருந்தார்கள். புலிகளில் களத்தில் இறந்த முதல் பெண் போராளி மாலதி 1987 ஒக்ரோபர் 10 இல் விழுந்தார், அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் பேர். அந்தப் பிள்ளைகள் தலைமயிரை வெட்டி, காற்சட்டை போட்டு, கனரக வாகனம் ஓட்டியதை ஊர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தது. பெண்ணால் இது முடியாது என்ற கதை அத்தோடு முடிந்தது, அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது.

யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு என்ன நடந்தது? தடுப்பு முகாமிலிருந்து வந்த பிள்ளையைப் பெண் பார்க்க வந்தவர்கள் "ரெயினிங் எடுத்தவவோ?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போனார்கள். ஒரு அணியை நடத்திய பெண்ணுக்குக் கடைக்குப் போக தம்பியைத் துணைக்கு அனுப்பினார்கள். தலைமை சொல்லிக் கொடுத்த சமத்துவம் தலைமையோடு போய்விடும், வீட்டுக்குள் யாரும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

அதே காலத்தில் வேறு விதமாகக் கேட்ட பெண்களும் இருந்தார்கள். பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு 1984 இல் அன்னையர் முன்னணித் தாய்மார் கச்சேரிக்கு, மாவட்ட அரச அலுவலகத்துக்கு, ஊர்வலம் போனார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜனி திராணகம, பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் பூரணி இல்லத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், எல்லாத் துவக்குகளையும் பார்த்துக் கேள்வி கேட்டவர், 1989 செப்டம்பர் 21 இல் திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 35 வயது. 'தோழி' என்ற பெண்கள் இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991 இல் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. துவக்கோடு நின்ற பெண்ணையும் துவக்கைக் கேள்வி கேட்ட பெண்ணையும் ஒரே மூச்சில் நினைக்க எங்கள் ஊருக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெட்டையள் எல்லாம் படித்து வேலைக்கும் போய்விட்டார்களே. இன்னும் என்ன குறை?

படிக்கிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் நாட்டில் வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிற பெண்கள் மூன்றில் ஒருவர் அளவில்தான். மற்றவர்கள் எங்கே? குசினிக்குள் இருக்கிறார்கள், கம்பஸ் சான்றிதழ் அலுமாரிக்குள் இருக்கிறது. வேலைக்குப் போகிறவள் நாலரைக்கு எழும்பிப் புட்டு அவித்து, பிள்ளையை ரியூசனில் விட்டு, மினிபஸ்ஸில் இடிபட்டுப் போய் வந்து, பின்னேரம் திரும்ப அதே அடுப்பு. அவள் வேலைக்குப் போக 'விட்டிருக்கிறார்' என்று புருஷனைப் புகழ்வார்கள். அந்த 'விட்டிருக்கிறார்' என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்வேன்.

அரசியலையும் பாருங்கள். உலகத்தின் முதல் பெண் பிரதமரை 1960 இல் தந்த நாட்டில் 2018 க்கு முன்னால் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. 25 சதவீத ஒதுக்கீடு 2016 இல் சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில்தான் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் போடப் பெண் கிடைக்கவில்லை என்று கட்சிக்காரர் அலைந்ததை நான் கண்ணால் பார்த்தேன், எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீட்டுக் கதவைத் தட்டினார்கள், மூன்றிலும் முதலில் கதைத்தது ஐயாமாரோடு. ஒரு உறுப்பினரின் போனுக்கு எடுத்தால் கணவர்தான் தூக்குவார், "என்ன விசயம், நான் சொல்லிவிடுறன்" என்பார். இரண்டு வருடத்தில் அவ சொந்த போன் வாங்கிவிட்டா. ஒதுக்கீடு வேலை செய்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் அந்த போனைத்தான் காட்டுவேன்.

சேலை கட்டுவீர்களோ? பொட்டு வைப்பீர்களோ? கோயிலுக்குப் போவீர்களோ?

கட்டுவேன், வைப்பேன், நல்லூர்த் தேருக்குப் போகாமல் விட்டதில்லை. நகையும் பிடிக்கும். 6 ஆம் பிரிவுப்படி அதை விற்கவும் யாரையும் கேட்கத் தேவையில்லை.

சாமத்தியவீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பெண்ணியம் கதைக்கிறீர்களே?

சரியான அடி. ட்ரோன் கமரா, ஆலாத்தி, முகம் நிறைய மேக்கப்போடு பதின்மூன்று வயதுப் பிள்ளையை மேடையில் இருத்தி நானூறு பேருக்குக் காட்டுவதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. முந்தி அதற்கு ஒரு பொருள் இருந்தது, குமர் ஒன்று இருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பது. இப்போது அதற்கு என்ன அவசரம்? ஆனால் போகாவிட்டால் அக்காவோடு கதை முறியும், அந்தப் பிள்ளைதான் கவலைப்படும். போவேன். போய், அவளைத் தனியே கூப்பிட்டு "உனக்கு இது விருப்பமோ?" என்று கேட்பேன். ஒருத்தி "ஓம் சித்தி, நல்ல விருப்பம், இந்தச் சாறியை நான்தான் எடுத்தன்" என்று சொல்லி என் முகத்தில் கரி பூசினாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டாள். உளுத்தங்களி மட்டும் வடிவாகச் சாப்பிடுவேன், அதில் எனக்கு எந்தக் கொள்கையும் இல்லை.

சாதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஏன் அதையும் இழுக்கிறீர்கள்?

சாதி எதனால் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கல்யாணத்தால். கல்யாணத்தில் யாரைக் காவல் காக்கிறார்கள்? பெட்டையை. அண்ணன்காரன் காம்ப் மாதிரி ஒழுங்கையில் நிற்பது தங்கையின் நன்மைக்கு என்று சொல்வார்கள், அவள் 'எங்கட ஆட்கள்' அல்லாத ஒருவனோடு போய்விடக்கூடாது என்பதுதான் முக்காலும். புறோக்கரின் கொப்பியில் முதல் பக்கத்தில் சாதி, இரண்டாவதில் குறிப்பு, காசு, பெண்ணின் விருப்பம் கொப்பியிலேயே இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு, அது எனக்குச் சுடுகிற பக்கம். என் அம்மம்மா சீதன வளவுக்குச் சொந்தக்காரி. அந்த வளவுக் கிணற்றடிக்கு வெளியே, யாராவது அள்ளி வார்க்கமாட்டார்களா என்று குடத்தோடு காத்து நின்ற பெண்கள் இருந்தார்கள். மேலாடை போடக்கூடாது என்று அவர்களின் தாய்மாருக்குச் சொன்ன ஊர் இது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடு என்று நின்றவர்களைத் தடுத்த ஊர். அம்மம்மா புருஷனின் கையெழுத்துக்காகக் காத்திருந்தா, அந்தப் பெண்கள் அம்மம்மாவின் வாளிக்காகக் காத்திருந்தார்கள். என் கதையை மட்டும் சொல்லி அவர்களின் கதையை விட்டுவிட்டு நான் எந்தப் பெண்களுக்காகக் கதைக்கிறேன் என்று சொல்வது? சில வருடங்களுக்கு முன்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிக் கதைப்போம். ஒருநாள் சுற்றிவரப் பார்த்தேன், எல்லோரும் ஒரே சாதி. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

புருஷன் அடிக்கிறான் என்றால் உங்கள் பெண்ணியம் என்ன செய்யும்?

இதற்குப் பகிடி இல்லை, நேராகச் சொல்கிறேன். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி மட்டும்தான் என்றில்லை, மனதளவில் கொடுமைப்படுத்துவதும் அதற்குள் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை. வீட்டுக்குள் வரக்கூடாது, வேலையிடத்துக்கு வரக்கூடாது என்றெல்லாம் அதில் தடை போடலாம். 1938 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் பெண்களுக்கான உதவி கிடைக்கும், பிள்ளைகள் விசயம் என்றால் 1929. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், அவரைத் தேடிப் போய்க் கதைக்கலாம்.

போன இடத்தில் "இது குடும்பப் பிரச்சினை, சமாதானமாகப் போங்கோ தங்கச்சி" என்று திருப்பி அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையை மூன்று தரம் அனுப்பினார்கள். நான்காம் தரம் நான் கூடப் போய்ச் சட்டத்தின் இலக்கத்தைச் சொன்னேன், கதிரை தந்தார்கள். இலக்கத்தைப் பாடமாக்கி வையுங்கள். சட்டத்திலும் ஓட்டை உண்டு. நீதிமன்றத்தால் பிரிக்கப்படாத கணவன் மனைவியை வல்லுறவு செய்தால் தண்டனைச் சட்டக் கோவை அதைக் குற்றமாக எடுக்காது, 1995 இல் திருத்தியபோதும் அவ்வளவுக்குத்தான் போனார்கள். தாலி கட்டியதோடு சம்மதம் ஒரேயடியாகக் கொடுத்தாயிற்று என்ற எண்ணம்தான் அங்கேயும்.

ஆண் பெண்நிலைவாதியாக இருக்கலாமோ?

என் நொத்தாரிசு ஐயாவுக்கு 71 வயது. இந்தச் சொல்லை அவர் முன்னால் சொன்னால் காது கேட்காத மாதிரி இருப்பார். ஆனால் மனைவியின் காணியை விற்க ஒரு சோடி வந்தால், புருஷனைப் பார்த்து "தம்பி, முன் கடையில ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாரும்" என்று அனுப்பிவிடுவார். பிறகு கதவைச் சாத்தி, உறுதியை முதல் வரியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டி, "உமக்கு மனவிருப்பமோ பிள்ளை? இல்லையெண்டால் இப்ப சொல்லும், இந்தக் கடதாசியில பிழை இருக்கெண்டு நான் சொல்லி அனுப்புறன்" என்பார். இந்த 16 வருடத்தில் அப்படி ஐந்து கடதாசியில் 'பிழை' வந்திருக்கிறது. அவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று நீங்களே பாருங்கள். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டில் கோப்பையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழும்புகிறவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களைப் பற்றி எழுதப் பஞ்சியாக இருக்கிறது.

இவ்வளவும் சரி. அதற்கு ஏன் இந்தப் பெயர்? மனிதநேயம் என்று சொல்லக்கூடாதோ?

நானும் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நான் பெண்ணியவாதி ஒன்றும் இல்லை, ஆனால்…" என்று தொடங்குவேன். அந்த 'ஆனால்' எனக்கு நல்ல பிள்ளை என்ற பட்டத்தைத் தந்தது, வேறொன்றும் தரவில்லை. பெயர் இல்லாதபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பிரச்சினை. அந்த அக்காவின் காணி அவவின் தலைவிதி, அடிவாங்கிய பிள்ளை வாய் காட்டியிருப்பாள், கம்பஸ் முடித்துக் குசினியில் நிற்பவளுக்கு அதுதான் விருப்பம். ஒரே பெயரின் கீழே போட்டால்தான் இது எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது என்று தெரிகிறது. மனிதநேயம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், சீதனம் பேசிக்கொண்டிருக்கிறவரும் ஆட்டுவார்.

அதோடு பெயரைச் சொல்லிவிட்டால் என்னைப் பிடித்துக் கேட்கலாம். பாருங்கள், சாமத்தியவீட்டுக் கேள்வியும் சீதனக் கேள்வியும் அதனால்தான் வந்தன. முந்தி என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

எல்லாப் பெண்களும் இந்தப் பெயரைச் சொல்லவேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். அம்மா வாழ்நாளில் இந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அப்பா செத்தபோது கொள்ளி வைக்க ஆண்பிள்ளை இல்லை என்று பெரியப்பாவின் மகனைக் கூப்பிட்டார்கள். நான் வைக்கிறேன் என்றேன், சபையில் ஒரே சத்தம். பெண்கள் படலையோடு நிற்கவேண்டும், சுடலைக்குப் போகக்கூடாது. ஐயர்கூட ஒன்றும் சொல்லவில்லை, சத்தம் போட்டது முழுக்கச் சொந்தக்காரர். சைக்கிள் பழக்கிய மனிதருக்குப் பின்னால் நான் போனது ஒழுங்கை முடக்கு வரைக்கும்தான். திரும்பி வந்தபோது அம்மா காதோடு சொன்னா: "எனக்கு நீதான் வைக்க வேணும். எழுதி வைச்சிருக்கிறன்." மரணசாசனத்துக்குப் பெண்ணுக்கு யார் சம்மதமும் தேவையில்லை என்று நான் சொல்லிக் கொடுத்தது அவவுக்கு நினைவிருந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் இதற்கெல்லாம் என்ன சொல்கிறார்?

அவரிடம் "எப்பிடி அண்ணை சமாளிக்கிறியள்?" என்று கேட்கிறார்கள், "அவதான் என்னைச் சமாளிக்கிறா" என்று சொல்லித் தப்பிவிடுவார். நாங்களும் சண்டை பிடிப்போம், காசுக்கும் பிடிப்போம், அவருடைய அம்மாவுக்கும் பிடிப்போம், எல்லா வீட்டையும் போல.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வீட்டுக்கு ஓடு மாற்ற வங்கியில் கடன் எடுக்க என் வீட்டை ஈடு வைத்தோம். சம்மதக் கையெழுத்துப் போட அவர் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். அதிகாரி வட்டியையும் தவணையையும் அவருக்கு விளங்கப்படுத்த, அவர் "வீட்டுக்காரி இவ, இவவுக்குச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த வருடம் புத்தூரில் அவருடைய முதுசத் தோட்டக் காணியை விற்றோம். உறுதியை ரைப் பண்ணியது நான். கையெழுத்து வைத்த பிறகு பேனையை என் பக்கம் நீட்டி, "இஞ்சாரும், நீரும் ஒண்டு வையுமன்" என்றார். எங்கே வைப்பது என்று ஐயாவைப் பார்த்தேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதற்கு இதில் இடமில்லைப் பிள்ளை என்றார்.